பிராட்காம் வைஃபை: டிரைவர் போட்டும் வரவில்லை என்றால்
வணக்கம். உபுண்டுவில் பிராட்காம் பிசிஎம்43142 கார்டுக்கு டபிள்யூஎல் டிரைவரை நிறுவியும், ஏற்றும்போது சாவி நிராகரிக்கப்பட்டதாகப் பிழை வருகிறது என்கிறீர்கள். கார்டு நன்றாகத்தான் இருக்கிறது, டிரைவரும் சரியானதே. பி43 என்ற இன்னொரு பிராட்காம் டிரைவர் இதற்கு ஆகாது, அந்தப் பக்கம் போகாதீர்கள்.

தடுப்பது செக்யூர் பூட், அதாவது நம்பகமான கையொப்பம் இல்லாத மென்பொருளை ஏற்றவிடாத பாதுகாப்பு அம்சம். டிரைவர் உங்கள் லேப்டாப்பிலேயே உருவாவதால், அதன் கையொப்பச் சாவியை நீங்கள்தான் ஒருமுறை ஏற்க வேண்டும். நிறுவியபோது கடவுச்சொல் கேட்டதே, அதற்காகத்தான். அந்தச் சாவியை ஏற்பதற்காக மறுதொடக்கத்தில் வரும் நீலத்திரையைப் பலரும் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். சில நொடிகளில் அதுவாகவே போய்விடும்.

சரி, இப்போது டெர்மினலில் சூடோ (நிர்வாகி அனுமதி) போட்டு, இந்தச் சாவிகளைக் கையாளும் மோக்யூடில் கருவியின் இம்போர்ட் கட்டளையைக் கொடுங்கள். வார், லிப், ஷிம்-சைன்டு, மோக் என்று ஒவ்வொரு கோப்புறையாக உள்ளே போனால் கிடைக்கும் எம்ஓகே.டிஇஆர் என்ற சாவிக் கோப்புதான் அதற்குத் தேவை. புதுக் கடவுச்சொல் வைத்து ரீஸ்டார்ட் செய்து, நீலத்திரையில் என்ரோல் எம்ஓகே (சாவியை ஏற்பது) தேர்ந்தெடுங்கள். செக்யூர் பூட்டை அணைத்தாலும் வேலை நடக்கும், ஆனால் பாதுகாப்பை இழக்க அவசியமில்லை. அப்புறமும் பிழை வந்தால், டிஎம்இஎஸ்ஜி (கர்னலின் செய்திகளைக் காட்டும் கட்டளை) வெளியீட்டை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.