எட்டு வயதுக்கு மைக்ராஸ்கோப்பா, லென்ஸா? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. எறும்பு, இலை, கல் என்று எதையாவது குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பான். ‘1200 மடங்கு பெரிதாக்கும்’ என்று அட்டையில் போட்டிருக்கும் பிளாஸ்டிக் மைக்ராஸ்கோப் ஒன்றை வாங்கித் தர நினைக்கிறேன். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த 1200, கண் பக்க லென்ஸின் மடங்கையும் பொருள் பக்க லென்ஸின் மடங்கையும் பெருக்கிய வெறும் கணக்கு. பிம்பம் பெரிதாவது வேறு, தெளிவாகத் தெரிவது வேறு. பொருளுக்குப் பக்கத்தில் இருக்கும் லென்ஸ் எவ்வளவு அகலமான கோணத்தில் ஒளியை வாங்குகிறது என்பதைப் பொறுத்துத்தான் நுணுக்கம் தெரியும். அதை ‘என்.ஏ.’ என்ற எண்ணால் குறிப்பார்கள். அந்த எண்ணை ஆயிரத்தால் பெருக்கினால் வருவதுதான் ஏறத்தாழப் பயனுள்ள உச்ச அளவு. ஆய்வகங்களில் இருக்கும் சாதாரண 40 மடங்கு லென்ஸின் என்.ஏ. 0.65. அப்படியானால் அதிலேயே 650 மடங்குக்கு மேல் போய்ப் புதிதாக எதையும் பார்க்க முடியாது. விளையாட்டு மைக்ராஸ்கோப் அட்டையில் இந்த எண்ணைத் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் இருக்காது.

இன்னொன்று, இந்த வகை மைக்ராஸ்கோப்பில் ஒளி கீழிருந்து பொருளை ஊடுருவி வர வேண்டும். முழு எறும்பை வைத்தால் கறுப்பு நிழல்தான் தெரியும். பிம்பம் தலைகீழாக இருக்கும், இடதுபக்கம் நகர்த்தினால் வலதுபக்கம் ஓடும். எட்டு வயதுப் பிள்ளை இரண்டு நாளில் அலுத்துப்போய் ஓரமாக வைத்துவிடுவான். குறை அவனிடம் இல்லை.

உங்கள் மகன் பார்க்க ஆசைப்படுகிற எறும்புக்கும் கல்லுக்கும் நல்ல கை லென்ஸ் போதும். கையில் கொஞ்சம் பணம் இருந்தால், இரண்டு கண்ணாலும் பார்க்கும் 20 முதல் 40 மடங்கு ஸ்டீரியோ மைக்ராஸ்கோப் வாங்கலாம். அதில் பொருளை வெட்ட வேண்டாம், அப்படியே வைத்துப் பார்க்கலாம். இன்னும் சிறியதைப் பார்க்க வேண்டும் என்று அவனே கேட்கும் நாளில், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கிய காகித மைக்ராஸ்கோப்பான ஃபோல்ட்ஸ்கோப்பை யோசிக்கலாம். சுமார் 140 மடங்கு பெரிதாக்கும். பிள்ளை தானே மடித்துச் செய்வதால் லென்ஸ் எங்கே, ஒளி எங்கே என்பதும் புரிந்துவிடும்.

கேள்வி: பூதக்கண்ணாடிகள் எல்லாவற்றிலும் ‘10 மடங்கு’ என்றே எழுதியிருக்கிறது. உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஒரு வெள்ளைத்தாளும் ஸ்கேலும் போதும். ஜன்னலுக்கு எதிரே நின்று, தாளுக்கு முன்னால் லென்ஸைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். வெளியே தூரத்தில் இருக்கும் மரமோ கட்டடமோ ஓரிடத்தில் தாளில் தலைகீழாகத் தெளிவாக விழும். அப்போது லென்ஸுக்கும் தாளுக்கும் இடையே எத்தனை செ.மீ. என்று பார்த்து, 25-ஐ அந்த எண்ணால் வகுத்தால் ஏறத்தாழ எத்தனை மடங்கு என்று வரும். 8 செ.மீ. என்றால் 3 மடங்கு, 5 செ.மீ. என்றால் 5 மடங்கு. உண்மையான 10 மடங்கு லென்ஸுக்கு இது 2.5 செ.மீ. தான் இருக்கும். அதனால்தான் அது சிறியதாகவும் தடித்தும் இருக்கும். உள்ளங்கை அகல லென்ஸில் 10 மடங்கு என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள். இணையத்தில் வாங்கினால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

அப்புறம், கோடு போட்ட தாளை லென்ஸ் வழியாகப் பாருங்கள். கோடுகள் ஓரத்தில் அதிகமாக வளைந்தாலோ வண்ண விளிம்பு தெரிந்தாலோ வேறு எடுங்கள். சிறு பிள்ளைகளுக்கு 3 முதல் 5 மடங்கு லென்ஸ்தான் சௌகரியம். பிளாஸ்டிக் லென்ஸ் விழுந்தாலும் உடையாது, ஆனால் சீக்கிரம் கீறல் விழும். உலர்ந்த துணியால் துடைக்காமல் தண்ணீரில் அலசச் சொல்லுங்கள்.

கேள்வி: தொடக்கப்பள்ளி ஆசிரியை நான். வகுப்பில் முப்பது பிள்ளைகள். உற்றுநோக்கிப் பதிவு செய்யும் பழக்கத்தைச் செயல்பாடுகள் மூலம் கொண்டுவர வேண்டும். கொஞ்சம் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். ‘50 சோதனைகள்’ அடங்கிய அறிவியல் கிட் வாங்கலாமா?

பதில்: கிட்டில் என்ன நடக்கும் என்பது கையேட்டிலேயே அச்சாகி வந்துவிடுகிறது. பிள்ளை விடையைச் சரிபார்க்கிறதே தவிர, எதையும் உற்றுப் பார்ப்பதில்லை. மாவு, வினிகர், பலூன் மாதிரி எங்கும் கிடைப்பவையே பாதிப் பெட்டியை நிரப்பியிருக்கும். பணத்தை இரண்டு பேருக்கு ஒரு லென்ஸ், ஆளுக்கு ஒரு மில்லிமீட்டர் ஸ்கேல், கோடு போடாத நோட்டு, நூல்கண்டு, சில தெர்மாமீட்டர்கள், ஒரு கிராம் வித்தியாசத்தையும் காட்டும் ஒரு டிஜிட்டல் தராசு என்று பிரித்துப் போடுங்கள்.

முதல் வகுப்புக்கு ‘என் இலை எது?’ என்பதை வையுங்கள். ஒரே மரத்தின் இலைகளை ஆளுக்கொன்று கொடுங்கள். பத்து நிமிடம் வரைந்து, அளந்து, எழுதட்டும். பிறகு இலைகளைக் கலந்துவிட்டு, எழுதியதைப் பக்கத்துப் பிள்ளையிடம் கொடுத்து அந்த இலையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ‘பச்சையாக, அழகாக இருக்கிறது’ என்று எழுதியவரின் இலை கிடைக்கவே கிடைக்காது. ‘நீளம் 74 மி.மீ., இடது ஓரத்தில் சிறிய ஓட்டை, ஒரு பக்கத்தில் 11 நரம்புகள்’ என்று எழுதியவரின் இலை உடனே கிடைத்துவிடும். எதை எழுத வேண்டும் என்று நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்த சுற்றில் எல்லோரும் ஸ்கேலைத் தேடுவார்கள். எல்லாச் செயல்பாட்டிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கண்டதையும் ஊகித்ததையும் பிரிக்கக் கற்றுக்கொடுக்க மெழுகுவர்த்தி நல்லது. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1860-61 குளிர்காலத்தில் இளம் வயதினருக்காக நடத்திய சொற்பொழிவுகள் முழுக்க ஒரு மெழுகுவர்த்தியைப் பற்றித்தான். நீங்கள் ஏற்றி வையுங்கள், பிள்ளைகள் தள்ளி உட்கார்ந்து பார்க்கட்டும். நோட்டை இரண்டாக மடித்து ஒரு பக்கம் ‘பார்த்தேன்’, மறுபக்கம் ‘நினைக்கிறேன்’. ‘சுடரின் அடிப்பகுதி நீலமாக இருக்கிறது’ என்பது முதல் பக்கம். ‘மெழுகு உருகிக் காணாமல் போகிறது’ என்று யாராவது எழுதினால், உருகியதைப் பார்த்தாயா, காணாமல் போனதைப் பார்த்தாயா என்று கேளுங்கள். ஏற்றுவதற்கு முன்னும் அணைத்த பின்னும் தராசில் வைத்தால் பேச்சு இன்னும் சூடுபிடிக்கும்.

தெர்மாமீட்டரில் பாதரசம் கண்டிப்பாக வேண்டாம். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கை, பாதரசத் தெர்மாமீட்டர்களின் உற்பத்தியை நிறுத்தக் குறித்த ஆண்டே 2020. சிவப்பு ஆல்கஹால் நிரப்பியவை போதும். வந்ததும் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு டிகிரி வேறுபடலாம். அதிகம் விலகுவதைத் திருப்பிக் கொடுங்கள். இந்தச் சோதனையைப் பிள்ளைகளையே செய்யவிட்டால் அதுவும் ஒரு பாடமாகிவிடும்.

நூலால் தரையில் ஒரு மீட்டர் சதுரம் போட்டு, அதற்குள் இருப்பதை மட்டும் வாரம் ஒருமுறை பதிவு செய்வது மீதி ஆண்டுக்குப் போதுமான வேலை.

கேள்வி: விளக்கு வைத்த லென்ஸ் வாங்கினால் ஆபத்து உண்டா?

பதில்: பேட்டரியைத்தான் பார்க்க வேண்டும். பட்டன் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகலாம். பேட்டரி மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள், நகத்தால் திறக்க முடிந்தால் விட்டுவிடுங்கள். எந்த லென்ஸானாலும் அதன் வழியாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது என்பதைக் கையில் கொடுக்கும்போதே சொல்லுங்கள். வெயில் படும் ஜன்னலோரத்தில் அதை வைக்காதீர்கள், தீப்பிடிக்கும்.