ரெப்போ இறங்கியும் தவணை இறங்கவில்லையே?

கே: 2023 கடைசியில் ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி, 6.5 சதவீதத்தில் அப்படியே நின்றது. பர்சனல் லோன் மட்டும் ஏன் இறுகியது?

ப: அந்த நவம்பரில் ரிசர்வ் வங்கி, பர்சனல் லோன் போன்ற நுகர்வுக் கடன்களின் ரிஸ்க் வெயிட்டை (கடனின் அபாயத்துக்கு ஏற்ப வங்கி எவ்வளவு சொந்தப் பணம் வைக்க வேண்டும் என்று கணக்கிடும் அளவை) 100 சதவீதத்திலிருந்து 125 ஆக்கியது. 9 சதவீத மூலதனக் கணக்கில், ஒரு லட்சம் கடனுக்கு வங்கி தன் சொந்த மூலதனத்தில் 9,000 ரூபாய் வைத்திருந்தால் போதும் என்பது 11,000க்கு மேல் போனது. நிதி நிறுவனங்களுக்கு வங்கிகள் தரும் கடனிலும் இதே இறுக்கம். அதை 2025 ஏப்ரலில் தளர்த்தினார்கள். பர்சனல் லோனைத் தொடவில்லை.

கே: சி.ஆர்.ஆர்., அதாவது வங்கிகள் தங்கள் டெபாசிட்டில் ரிசர்வ் வங்கியிடம் கட்டாயம் வைக்க வேண்டிய பங்கு, 3 சதவீதமாகக் குறைந்துவிட்டது. இனி கடன் சுலபமா?

ப: வங்கியின் கையில் பணம் கூடும், அவ்வளவுதான். மூலதனம் இல்லாத வங்கியால் அதைக் கடனாகத் தர முடியாது.

கே: 2025ல் ரெப்போ ஒன்றேகால் சதவீதம் குறைந்தது. என் வீட்டுக் கடன் தவணை ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஏமாற்றுகிறார்களா?

ப: எந்த ஆண்டுக் கடன், வங்கியா வீட்டுவசதி நிறுவனமா, எதுவும் எழுதாமல் கேட்டால் எப்படி? 2019 அக்டோபருக்குப் பின் வங்கியில் வாங்கிய மாறும் வட்டிக் கடன் என்றால் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைந்திருக்கும். வங்கிக்குப் பணம் திரட்ட ஆகும் செலவை வைத்து வட்டி கணக்கிடும் பழைய எம்.சி.எல்.ஆர். கடன் மெதுவாகத்தான் இறங்கும். வீட்டுவசதி நிறுவனங்களுக்கு அந்த விதியே கிடையாது.

அப்புறம், தவணை மாறாமல் மாதங்கள் குறைந்திருக்கலாம். 2022ல் ரெப்போ ஏறத் தொடங்கியபோது நடந்ததும் இதுதான், தலைகீழாக. தவணை ஏறவில்லை என்று நானும் நிம்மதியாக இருந்தேன். இன்னும் எத்தனை மாதம் கட்ட வேண்டும் என்று காட்டும் தவணை அட்டவணையை வாங்கிப் பார்த்த அன்று தூக்கம் போனது. 7 சதவீதத்தில் 15 ஆண்டுக் கடன், தவணை மாறாமல் 9.5 சதவீதமானால் 22 ஆண்டைத் தாண்டும். வட்டியை ஏற்றுவதே மக்கள் செலவைக் குறைக்கட்டும் என்றுதான். தவணை அசையாவிட்டால் வீட்டுச் செலவு எங்கே குறையும்? சுமை முழுக்க ஓய்வுக்காலத்துக்குப் போகிறது, வீட்டுக்காரருக்குத் தெரியாமலே. தவணையைக் கூட்டுவதா மாதத்தைக் கூட்டுவதா என்று கடன்தாரரைக் கேட்க வேண்டும் என்ற உத்தரவு 2023 ஆகஸ்டில்தான் வந்தது. முன்பே வந்திருக்க வேண்டும். அட்டவணையை வாங்கிப் பாருங்கள்.

கே: நகைக்கடனுக்கு இனி நகை மதிப்பில் 85 சதவீதம் தருவார்களாமே?

ப: இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு, 2026 ஏப்ரல் முதல். முடிவில் மொத்தமாகக் கட்டும் கடனென்றால் வட்டியும் அந்த 85க்குள் அடங்க வேண்டும். லட்ச ரூபாய் நகைக்கு, 10 சதவீத வட்டியில், ஓராண்டுக்குக் கையில் வருவது 77,000தான். இதற்கும் அட்டவணையை வாங்கிப் பாருங்கள்.