கட்டானா, ரயிலா?

கேள்வி: சனிக்கிழமைதோறும் நண்பர்கள் நான்கு பேர் கூடுகிறோம். கேரம் அலுத்துவிட்டது. ‘கட்டான்’ வாங்கலாமா, ‘டிக்கெட் டு ரைடு’ வாங்கலாமா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கட்டான், 1995-இல் ஜெர்மனியில் கிளாஸ் டாய்பர் உருவாக்கிய பலகை விளையாட்டு. ‘ஒரு செங்கல் கொடு, இரண்டு ஆடு தருகிறேன்’ என்று சீட்டுகளை மாற்றிக்கொள்ளக் கெஞ்சுவதுதான் பாதி ஆட்டமே. ஆனால் பகடை காலை வாரிவிடும். போன வாரம் அடிக்கடி விழும் 6, 8 எண்களை ஒட்டி வீடு கட்டிவிட்டு, சீட்டு குவியும் என்று மிதப்பாக உட்கார்ந்திருந்தேன். விழுந்ததெல்லாம் 7! கையில் ஏழு சீட்டுக்கு மேல் வைத்திருந்தால் அப்போது பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். என் எட்டில் நாலு போயிற்று. போதாததற்கு, பகடை உருட்டிய என் மைத்துனன் திருடன் காயைக் கொண்டுவந்து என் கோதுமை வயலில் வைத்து, அதன் வரவை முடக்கினான். இரவுச் சாப்பாட்டின்போது அவனிடம் நான் பேசவில்லை.

ஆலன் மூன் உருவாக்கிய டிக்கெட் டு ரைடில் (2004) பகடையே கிடையாது. ஒரே நிறச் சீட்டுகளைச் சேர்த்து, அமெரிக்க வரைபடத்தில் ரயில் பாதை போட வேண்டும், அவ்வளவுதான். அப்புறம், இதை இரண்டு பேரே ஆடலாம்; கட்டானுக்குக் குறைந்தது மூவர் வேண்டும்.

சரி, நாலு பேரும் தவறாமல் வருவீர்களா? அப்படியென்றால் கட்டான். எங்கள் கூட்டத்தில் இருவர் கடைசி நேரத்தில் கைவிரிப்பார்கள், எனக்கு ரயில்தான்.