உளவு அதிகாரி ஒருவரின் காப்பகத் தாள்களில் ரகசியம் ஏதாவது மிச்சம் இருக்குமா?

கேள்வியின் சாரம் இது: ராணுவ உளவுப் பிரிவில் இருந்து, அப்புறம் வெளிநாட்டு விவகாரங்களில் மேலிடத்துக்கு யோசனை சொன்ன ஒருவர் காலமானபின் அவருடைய தாள்கள் பெட்டி பெட்டியாக ஒரு காப்பகத்துக்குப் போகின்றன. அதில் ரகசியம் மிஞ்சியிருக்குமா, நம்மைப் போன்றவர்கள் படிப்பதால் என்ன பயன்?

ரகசியத்துக்காகப் போனால் ஏமாந்துதான் திரும்ப வேண்டும். ‘ரகசியம்’ என்று முத்திரை குத்திய கோப்பு சர்க்கார் சொத்து. பெரும்பாலும் அது வீட்டுப் பெட்டிக்கு வருவதில்லை. வீட்டில் தங்குவது கடித நகல்கள், டைரி, பத்திரிகைத் துண்டுகள், விருந்து அழைப்பிதழ்கள், கடைசியாக ‘என் பக்கத்து நியாயம்’ என்று அவரே உட்கார்ந்து எழுதியது. எனக்கு ருசியானது அந்தக் கடைசிச் சரக்கு.

நான் கேரளத்தில், சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வரலாற்று வாத்தியார். வீட்டில் தமிழ், தாலுகா ஆபீசில் மலையாளம். ராத்திரி எல்லாரும் தூங்கினபின் அமெரிக்கக் காப்பகங்களின் பட்டியல்களை மேய்வது என் பொழுதுபோக்கு. அப்படிப் பழகினவர்தான் ட்ரூமன் ஸ்மித் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி.

1922 நவம்பர். ஸ்மித் பெர்லினில் அமெரிக்கத் தூதரகத்தின் உதவி ராணுவத் தூது அதிகாரி. மியூனிக்கில் யாரோ ஒருவர் கூட்டம் சேர்க்கிறாராமே, போய்ப் பார்த்துவிட்டு வா என்று அனுப்புகிறார்கள். அந்த யாரோ, ஹிட்லர். பேசிவிட்டு வந்து ஸ்மித் தன் குறிப்பேட்டில் எழுதியது சில வரிகள்தான். அபாரமான மேடைப் பேச்சாளி, இவ்வளவு தர்க்கமும் வெறியும் சேர்ந்த ஆளை நான் கேட்டது அபூர்வம், கூட்டத்தின் மேல் இவருக்குள்ள பிடி பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்கிற அர்த்தத்தில் போகும். அவருக்கு பெர்லின் ரயிலைப் பிடிக்கிற அவசரம். அதனால் ஹிட்லரின் பொதுக்கூட்டத்துக்குப் போய்க் கேட்டுச் சொல்லும்படி ஹார்வர்டில் படித்த ஹான்ஃப்ஸ்டெங்கிள் என்பவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். போன மனுஷன் அங்கேயே ஒட்டிக்கொண்டு, பிற்பாடு நாஜிகளின் வெளிநாட்டுப் பத்திரிகைத் தொடர்பு அதிகாரியாகவே ஆனார்!

1935இல் ஸ்மித் மறுபடி பெர்லினுக்கு வருகிறார், இந்தத் தடவை முழு ராணுவத் தூது அதிகாரியாக. ஜெர்மானியர் எத்தனை விமானம் கட்டுகிறார்கள் என்று தெரிய வேண்டும். ஆனால் தொழிற்சாலைக்குள் விடுவார்களா? 1936 மே மாதம், அட்லாண்டிக்கைத் தனியாகப் பறந்து கடந்த லிண்ட்பெர்க் பிரான்ஸில் ஒரு விமானத் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்தார் என்ற செய்தியை ஸ்மித்தின் மனைவி கே பேப்பரில் பார்த்துச் சொல்கிறார். ஸ்மித்துக்கு அங்கேதான் பொறி தட்டியது. இந்தப் புகழ்பெற்ற விருந்தாளியை அழைத்தால் கதவு தானாகத் திறக்கும். ஜூலையில் லிண்ட்பெர்க் பெர்லினில் வந்து இறங்கினார். ஒளிந்து நின்று படம் எடுக்கிற வேலையே இல்லை. உபசாரத்தோடு உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார்கள்.

அடுத்த ஆண்டு, 1937 நவம்பர் 1 தேதியிட்ட ஸ்மித்தின் அறிக்கை வாஷிங்டனுக்குப் போனது. ஜெர்மனி வானத்தில் மறுபடி ஒரு வல்லரசு என்றது. பலத்தைக் கூட்டிச் சொல்லிவிட்டது என்று பின்னால் விமர்சனம் வந்தது. காட்டுகிறவன் காட்ட நினைத்ததைத்தானே காட்டுவான்? போர் மூண்டபின் ஸ்மித் வாஷிங்டனில் அமெரிக்க ராணுவத் தலைமைத் தளபதி மார்ஷலுக்கு ஜெர்மனி பற்றிச் சொல்லும் நிபுணராக இருந்தார். லிண்ட்பெர்க்கோ அமெரிக்கா போரில் இறங்கக் கூடாது என்று ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தார். லிண்ட்பெர்க்கின் சிநேகிதர் என்பதால் ஸ்மித்தும் ஜெர்மனி அபிமானிதான் என்று பத்திரிகைகளில் குத்தினார்கள். 1950களில் ஸ்மித் தன் பெர்லின் வேலையைப் பற்றி நீளமாக ஒரு விளக்கம் எழுதி வைத்தார்.

இப்போது 1922 குறிப்பையும் 1950களின் விளக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதலாவது, கதை எங்கே போகும் என்று தெரியாத ஆள் எழுதியது. இரண்டாவது, முடிவு தெரிந்த ஆள் எழுதியது. பொய் என்று சொல்லவில்லை. கேள்வி கேட்கப்பட்டவனின் பதில் அது. இப்படிப்பட்ட தொகுப்பில் எந்தத் தாளை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது தேதியைத்தான், முத்திரையை இல்லை.

ஸ்மித்தின் தாள்கள் ஒரே இடத்திலும் இல்லை. ஸ்டான்ஃபோர்டில் ஹூவர் நிறுவனத்தில் ஒரு பங்கு, யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு பங்கு. எந்தப் பெட்டியில் எந்த உறை என்ற பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். நேரில் போனால் பேனாவை வெளியே வைத்துவிட்டுப் பென்சிலோடு உட்கார வேண்டும்.

நம் நாட்டில் இதற்கு நெருக்கமானது டெல்லி தீன்மூர்த்தி வளாகத்தில் இருக்கும் பி.என். ஹக்ஸரின் தாள்கள். இந்திரா காந்திக்கு வெளியுறவு உட்பட எல்லாவற்றிலும் யோசனை சொன்னவர். சர்க்கார் கோப்பு வேறு கதை. 25 ஆண்டு கடந்தால் காப்பகத்துக்கு வர வேண்டும் என்று விதி இருக்கிறது, ஆனால் 1962 போர் பற்றிய ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசு இன்னும் வெளியிடவில்லை. எங்கள் சித்தூரின் பழைய தாள்களைத் தேடுவதற்கே எர்ணாகுளம் போக வேண்டும். இந்தத் தாலுகா கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. பக்கத்துப் பாலக்காடு மலபார் ஜில்லாவில், அதாவது சென்னை மாகாணத்தில். அரை மணி நேர பஸ் தூரம், ஆனால் காப்பகம் வேறு வேறு.

தேதி பார்க்கிற பழக்கம் எனக்கு வந்தது எங்கள் அப்புச்சியின் (அம்மாவுடைய அப்பா) டிரங்குப் பெட்டியில் இருந்துதான். அவர் உளவாளி இல்லை, இரண்டாம் போரில் பர்மா எல்லையில் ராணுவ லாரி ஓட்டினவர். டீக்கடையில் அவர் சொல்லும்போது ஜப்பான்காரனைப் பாதி அவரே துரத்தியிருப்பார். பெட்டியில் இருந்த 1944 கடிதத்திலோ, ராணுவத் தணிக்கைக்காரன் மை பூசி அழித்தது போக மிஞ்சினது இவ்வளவுதான்: செவலைக் காளைக்குக் கால் தேவலையா, நிலக்கடலை என்ன விலைக்குப் போச்சு, இங்கே ஒரே மழை.

மூடியின் உள்பக்கம் அவர் கையாலேயே ஒட்டின ஒரு பட்டியல். பென்ஷன் புத்தகம், மெடல் இரண்டு, கடிதாசிக் கட்டு, நிலப் பத்திரம் என்று பென்சிலில் வரிசையாக எழுதி, ஐந்தாவது வரி மட்டும் அழுத்தமாக அடிக்கப்பட்டிருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன், ‘கடிதம்’ என்ற சொல் மட்டும்தான் பிடிபட்டது. அம்முச்சியிடம் கேட்டேன். முறத்தில் இருந்து தலையே நிமிரவில்லை.

“அதையா? நாந்தான் கண்ணு அடுப்புல போட்டேன். படிக்கிற மாதிரியா இருந்துச்சு அது?”