கசகசாவும் கையொப்பமும்: படைவீரர் போதைப் பரிசோதனை, கேள்வி-பதில்

உச்சிப்புளியில் கடற்படையின் விமானத்தளம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை நிலையம், கமுதி, முதுகுளத்தூர் பக்கமிருந்து ராணுவத்துக்குப் போகும் பிள்ளைகள், தொண்டி, கீழக்கரையிலிருந்து சிங்கப்பூர், வளைகுடா என்று பரவிய குடும்பங்கள். இந்தக் கரையிலிருந்து போதைப் பரிசோதனை பற்றிக் கேள்விகள் வருவதில் வியப்பில்லை. படை மருத்துவமனை ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

மகன் கடற்படையில் இருக்கிறான். விடுமுறையில் வந்தவனுக்குக் கசகசா அரைத்து ஊற்றிக் கறிக்குருமா வைத்தேன். "இதைச் சாப்பிட்டால் சிறுநீர்ச் சோதனையில் அபின் என்று வரும்" என்று தட்டைத் தள்ளிவிட்டான். அப்படியும் உண்டா ஐயா? (ஒரு தாய், பனைக்குளம்)

உண்டு அம்மா. உங்கள் மகன் வீணாகப் பயப்படவில்லை. அபின் எடுக்கும் அதே செடியின் விதைதான் கசகசா. விதைக்குள் போதை கிடையாது. ஆனால் காயிலிருந்து கசியும் பால் விதையின் மேல்தோலில் ஒட்டிக்கொள்கிறது. அதில் மார்ஃபினும் கோடீனும் இருக்கின்றன. எவ்வளவு இருக்கும் என்பது விளைந்த இடத்தையும் கழுவிய விதத்தையும் பொறுத்தது. நன்றாக ஊறவைத்துக் கழுவி, கொதிக்கவிட்டால் பெரும்பகுதி போய்விடும். முழுவதும் போகும் என்று யாரும் உறுதி தர முடியாது.

அமெரிக்காவில் அரசு ஊழியர் பரிசோதனைக்கான அபின் வகை வரம்பு (இதை எட்டினால்தான் பாசிடிவ்) முன்பு ஒரு மில்லிலிட்டர் சிறுநீருக்கு 300 நானோகிராம். கசகசா தின்றவர்களும் அதில் சிக்கியதால் 1998-இல் அதை 2000 ஆக உயர்த்தினார்கள். அப்படியிருந்தும் 2023 பிப்ரவரியில் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை, தன் படையினர் அனைவரும் கசகசாவைத் தவிர்க்க வேண்டும் என்று எச்சரித்தது. சவூதியிலும் அமீரகத்திலும் கசகசாவுக்கே தடை என்பது கீழக்கரைக் குடும்பங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம் நாட்டில் அது குற்றமில்லை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் விதையை வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கிறது.

ஹெராயின் எடுத்தவரின் சிறுநீரில் மட்டும் 6-அசிட்டைல் மார்ஃபின் என்ற பொருள் வரும். கசகசாவிலிருந்து அது வரவே வராது. ஆகவே அது இருந்தால் ஹெராயின் என்று அடித்துச் சொல்லிவிடலாம். ஆனால் சில மணி நேரங்களில் அது மறைந்துவிடுவதால், இல்லை என்பதை மட்டும் வைத்து 'உணவுதான் காரணம்' என்று நிரூபிக்க முடியாது. எனவே அவன் பணிக்குத் திரும்பும் வாரத்தில் குருமாவுக்கு முந்திரியும் தேங்காயும் அரையுங்கள். அதற்கு முன்பே சாப்பிட்டிருந்தால், மாதிரி கொடுக்கும் முன்னரே சொல்லி எழுதிவைக்கச் சொல்லுங்கள். முடிவு வந்த பிறகு சொல்வதற்கும் முன்பே சொல்வதற்கும் மலையளவு வேறுபாடு இருக்கிறது.

என் தம்பி அமெரிக்க ராணுவத்தில் இருக்கிறான். சிறுநீர் கொடுக்கும்போது ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாராம். கூசிப்போய்ச் சொன்னான். இது முறைதானா? (ஒரு அண்ணன், ராமேஸ்வரம்)

அங்கே அதுதான் முறை. கூச்சம் இயல்பானது, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது.

1981 மே 26 இரவு, ஃபுளோரிடா கடலில் நிமிட்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கிய போர்விமானம் தளத்திலேயே மோதி 14 பேர் இறந்தார்கள். இறந்த தளப் பணியாளர்கள் சிலரின் உடலில் கஞ்சாவின் தடயம் இருந்தது. விமானியின் உடலில் சளிக்கான மருந்து அளவுக்கு மீறி இருந்தது. விபத்துக்குப் போதைதான் காரணம் என்று கடற்படை சொல்லவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு அமெரிக்கக் கடற்படை, பரிசோதனையைச் சற்றும் விட்டுக்கொடுக்காத கொள்கையாக்கியது.

இப்போதுள்ள நடைமுறை இது. பெயர்களைக் கணினி தேர்ந்தெடுக்கும். அழைக்கப்பட்டவர் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். காலிப் புட்டியை அவர் கண்முன் எடுத்து, அவருடைய எண்ணும் தேதியும் எழுதிய சீட்டை ஒட்டுவார்கள். சீட்டு சரியென்று அவர் சுருக்கொப்பம் இடுவார். அவருடைய பாலினத்தைச் சேர்ந்த ஒரு பார்வையாளர், சிறுநீர் உடலிலிருந்து புட்டிக்குள் விழுவதை நேரில் பார்க்க வேண்டும். பிறர் சிறுநீரைக் கொண்டுவந்து ஊற்றுவதைத் தடுக்க வேறு வழியில்லை. பிறகு மூடியின் மேல் பிரித்தால் தெரிந்துவிடும் முத்திரை நாடா, பதிவேட்டில் கையொப்பம். அதிலிருந்து ஆய்வக மேசை வரை புட்டி யார் யார் கையில் எப்போது இருந்தது என்று ஒரு படிவம் கூடவே பயணம் செய்யும். ஆய்வகத்தில் முதலில் விரைவுச் சோதனை, அதில் பாசிடிவ் வந்தால் பொருளைப் பிரித்து அடையாளம் காணும் நிறைமானிக் கருவியில் உறுதிச் சோதனை. பாசிடிவ் ஆன மாதிரியை ஓராண்டு உறையவைத்துப் பாதுகாக்கிறார்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தால் வந்ததா என்பதையும் ஒரு மருத்துவர் பார்ப்பார்.

தொடக்கத்தில் இவ்வளவு ஒழுங்கு இல்லை. 1984-இல் அமெரிக்க ராணுவமே தன் ஆய்வகக் கோப்புகளை மறுஆய்வு செய்து, ஆயிரக்கணக்கான பாசிடிவ் முடிவுகளுக்கு ஆவணம் போதவில்லை என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அவற்றால் வேலை இழந்த சிப்பாய்களை நினைத்துப் பாருங்கள். எந்த நாட்டுப் படையானாலும் நான் சொல்வது ஒன்றுதான்: கருவி அரிதாகவே தவறும், புட்டி போகும் வழியில்தான் தவறு நேரும். எனவே உங்கள் தம்பி கூச்சத்தில் தலையைத் திருப்பிக்கொள்ளக் கூடாது. தன் எண் சரியா, முத்திரை தன் கண்ணெதிரே ஒட்டப்பட்டதா என்று பார்த்த பிறகே கையொப்பமிட வேண்டும். அந்தப் பார்வையாளர் நிற்பது தம்பியின் நேர்மைக்கும் சாட்சியாகத்தான்.

மருந்துக்கடையில் ஸ்ட்ரிப் வாங்கி மகனைச் சோதித்தேன். இரண்டு கோடு வந்தது. அடித்துவிட்டேன். ராணுவத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தவன் இப்போது பேசவே மறுக்கிறான். (ஒரு தந்தை, தேவிபட்டினம்)

உங்கள் மகன் தேறிவிட்டான் ஐயா. இந்த ஸ்ட்ரிப் கர்ப்பப் பரிசோதனை ஸ்ட்ரிப்புக்கு நேர் எதிரானது. போதைப்பொருள் இருந்தால் சோதனைக் கோடு மறையும். இல்லாவிட்டால் கோடு தோன்றும். மங்கலாகத் தோன்றினாலும் 'இல்லை' என்றுதான் பொருள். இரண்டு கோடு வந்ததால் நெகடிவ். இன்றைக்கே அவனிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள். தந்தை கேட்கலாமா என்று தயங்காதீர்கள்.

கணவர் ராணுவத்தில் ஹவில்தார். காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறார். ஸ்ட்ரிப் சோதனையில் அபின் வகை என்று வந்துவிட்டதாம். பீடிகூடப் புகைக்காதவர். மானம் போய்விட்டது என்று போனில் அழுகிறார். (ஒரு மனைவி, சாயல்குடி)

அம்மா, முதலில் அவருடைய மருந்துச் சீட்டைத் தேடி எடுங்கள். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், சில வகை விரைவுச் சோதனைகளில் அபின் போலப் பொய்யாகக் காட்டும் என்பது மருத்துவத்தில் பதிவான உண்மை. லீவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் போன்ற கிருமிக்கொல்லிகளும் அப்படியே. மூக்கடைப்புக்குத் தரும் சூடோஎஃபிட்ரின், ஆம்பெட்டமைன் போலத் தோன்றலாம். விரைவுச் சோதனை மூலக்கூறின் சாயலைத்தான் பார்க்கிறது. சாயல் ஒத்திருந்தால் ஏமாந்துவிடும். உறுதிச் சோதனைக் கருவியோ மூலக்கூறையே பிரித்துப் பார்ப்பதால், ரிஃபாம்பிசினை மார்ஃபின் என்று சொல்லாது.

அவர் செய்ய வேண்டியவை: மருந்து தொடங்கிய நாள், அளவு, எழுதிக்கொடுத்த மருத்துவமனை ஆகிய விவரங்களுடன் எழுத்துமூலம் விளக்கம் கொடுத்து, அதே மாதிரியை நிறைமானிக் கருவியில் உறுதிச் சோதனைக்கு அனுப்புமாறு கேட்க வேண்டும். மனுவின் நகலில் பெற்றுக்கொண்ட கையொப்பம் வாங்க வேண்டும். 'சும்மா ஒரு காகிதம்' என்று சொல்லி எதை நீட்டினாலும், ஒப்புக்கொள்வதாகக் கையெழுத்திட வேண்டாம். ஸ்ட்ரிப் முடிவு ஒன்றை மட்டும் வைத்து ஒரு வீரரின் நடத்தையை முடிவு செய்வது அநீதி. யார் செய்தாலும் அநீதிதான். பயத்தில் காசநோய் மருந்தை மட்டும் அவர் நிறுத்திவிடக் கூடாது.

நண்பர்களுடன் கடற்கரையில் ஒருமுறை கஞ்சா புகைத்துவிட்டேன். அடுத்து கடலோரக் காவல்படைத் தேர்வுக்குப் போக வேண்டும். எத்தனை நாளில் போகும்? மோர், எலுமிச்சை குடித்தால் சீக்கிரம் போகுமா அண்ணா? (ஓர் இளைஞர், மண்டபம்)

தம்பி, கஞ்சாவின் கழிவுப்பொருள் கொழுப்பில் தங்கி மெல்ல வெளியேறுவது. எப்போதாவது புகைப்பவரிடம் சில நாட்கள், தினமும் புகைப்பவரிடம் பல வாரங்கள், சிலரிடம் ஒரு மாதத்துக்கும் மேல். உடல்வாகு, அளவு, சரக்கின் வீரியம் எல்லாம் மாறுவதால், உனக்கு இத்தனை நாள் என்று நாள் குறித்துத் தர யாராலும் முடியாது. மோரும் எலுமிச்சையும் இளநீரும் அதை விரட்டாது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தால் சிறுநீர் நீர்த்துப்போகும். சிறுநீரில் இயல்பாக இருக்கும் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் குறைவதை வைத்து ஆய்வகம் கண்டுபிடித்து, மறுபடியும் கொடுக்கச் சொல்லும். எதையாவது கலந்தால் அதுவே தனிக் குற்றம்.

அந்த நண்பர்கள் கூட்டத்தை விட்டு வெளியே வா. புகை சூழ்ந்த இடத்தில் நின்றாலே மாட்டுவோமா என்று உனக்கு அடுத்த சந்தேகம் வரும். திறந்த கடற்கரையில் நின்றால் வழக்கமான 50 நானோகிராம் வரம்பை எட்டாது. காற்றோட்டமில்லாத அறையில் கூடவே உட்கார்ந்திருந்தால் அந்த உறுதியை நான் தர மாட்டேன்.

பேரன் சிங்கப்பூரில் தேசிய சேவையில் (கட்டாயப் படைப்பணி) இருக்கிறான். இங்கே விடுமுறையில் வந்தபோது ஏதாவது நடந்தால் அங்கே எப்படித் தெரியப்போகிறது என்று அவன் கூட்டாளிகள் பேசுகிறார்கள். (ஒரு பாட்டனார், தொண்டி)

அவர்கள் பேச்சைக் கேட்க விடாதீர்கள். சிங்கப்பூரின் போதைப்பொருள் துர்ப்பயன்பாட்டுச் சட்டம் 8ஏ பிரிவின்படி, குடிமகனோ நிரந்தரவாசியோ வெளிநாட்டில் உட்கொண்டாலும் உள்நாட்டில் உட்கொண்டதாகவே கருதப்படும். தொண்டியில் புகைத்தாலும் அது சிங்கப்பூர்க் குற்றம்தான். திரும்பும்போது எல்லைச் சோதனைச்சாவடியிலேயே பரிசோதிக்கலாம். சிறுநீரில் மறைந்தாலும் முடியில் மாதக்கணக்கில் தடயம் நிற்கும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், எந்தக் காலத்தில் உட்கொண்டது என்பதைக்கூட ஓரளவு கணிக்க முடியும். பேரனை உட்காரவைத்து இதை நீங்களே சொல்லுங்கள். தாத்தா சொன்னால் கேட்பான்.

கரையில் ஒதுங்கிய பொட்டலத்தைக் கையால் தூக்கிப் பார்த்தேன். கஞ்சா. தம்பி படையில் சேர மனுப் போட்டிருக்கிறான். எங்களுக்குச் சிக்கல் வருமா? (ஒரு மீனவர், வாலிநோக்கம்)

தொட்டதால் சிறுநீரில் வராது. வீட்டுக்குக் கொண்டுபோனால்தான் சிக்கல். அங்கேயே விட்டுவிட்டு, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 எண்ணுக்குச் சொல்லுங்கள். நேரத்தைக் குறித்து வையுங்கள். தம்பி சரிபார்ப்புப் படிவத்தில் கேட்கும் எதையும் மறைக்க வேண்டாம். சிறிய விஷயத்தை உள்ளபடி சொன்னவரைவிட, மறைத்தவருக்கே வேலை போகும் வாய்ப்பு அதிகம்.

பரிசோதனைக்கு வர முடியாது என்று ஒரு சிப்பாய் சொல்லலாமா? (முன்னாள் ராணுவத்தினர், கமுதி)

உங்களுக்கே தெரிந்திருக்கும். சட்டப்படியான கட்டளையை மறுப்பது 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 41-ஆம் பிரிவில் வரும். போதையில் இருந்ததாக நிரூபிக்கப்பட்டால் 48-ஆம் பிரிவு. அதில் சிப்பாய்க்கு இரண்டாண்டு வரை சிறை, போர்ப்பணியிலோ கடமையிலோ இல்லாத நேரமென்றால் ஆறு மாதத்துக்கு மேல் போகாது. மறுப்பதால் ஒரு பயனும் இல்லை. மாதிரியைக் கொடுத்துவிட்டு, முறையில் தவறிருந்தால் அதை எழுத்தில் பதிவு செய்வதே வழி.

விடுமுறையில் வந்த மகன் வலி மாத்திரைகளை அட்டை அட்டையாக விழுங்குகிறான். இல்லாவிட்டால் உடம்பு நடுங்குகிறது. சோதனையில் இந்த மாத்திரை காட்டாதாம். ஏர்வாடி தர்காவுக்கு அழைத்துப்போகச் சொல்கிறார்கள். வேலை போய்விடுமோ என்று வெளியே சொல்லவும் பயம். (ஒரு தாய், கீழக்கரை)

அம்மா, டேபெண்டடால், டிராமடால் போன்ற மாத்திரைகள் சாதாரண அபின் ஸ்ட்ரிப்பில் பெரும்பாலும் தெரியாது என்பது சரிதான். நிறைமானிக் கருவியில் அவற்றைத் தேடினால் தெரியும். இப்போது அது முக்கியமில்லை. நடுக்கம், வியர்வை, வயிற்றுப்போக்கு எல்லாம் உடல் அதற்கு அடிமையாகிவிட்டதன் அடையாளம். திடீரென்று வீட்டில் பூட்டிவைத்து நிறுத்தாதீர்கள். நிறுத்தியபின் உடலின் தாங்கும் அளவு குறைந்துவிடும். அப்போது பழைய அளவை ஒருமுறை எடுத்தாலும் மூச்சு நின்றுபோகும் ஆபத்து இருக்கிறது.

தர்காவில் துஆ கேட்க மனம் விரும்பினால் போய்வாருங்கள். ஆனால் மருத்துவரைப் பார்க்காமல் அங்கே விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு இந்த வாரமே அழைத்துப்போங்கள். நடுக்கத்தைத் தணித்துப் படிப்படியாக விடுவிக்க மருந்துகள் இருக்கின்றன. நேரில் போவதற்கு முன் பேச விரும்பினால் 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண் கட்டணமில்லாதது.

வேலையைப் பற்றி: அவனே முன்வந்து படைப்பிரிவு மருத்துவ அதிகாரியிடம் சொல்வது, சோதனையில் பிடிபடுவதைவிட எல்லா வகையிலும் மேல். மருத்துவத் தகுதி சில காலம் குறைத்து வைக்கப்படலாம். அதிலிருந்து மீள வழி இருக்கிறது. ஒழுங்கு நடவடிக்கையிலிருந்து மீள்வது கடினம். விடுமுறை முடிய நாள் குறைவாக இருந்தால், சிகிச்சை தொடங்கியதற்கான மருத்துவமனைச் சீட்டுடன் விடுமுறையை நீட்டித்துக் கேட்கச் சொல்லுங்கள். அந்தச் சீட்டுகளின் நகலை நீங்களும் ஒரு கோப்பில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.