கோ மொழி பழகுபவருக்கு: முதலில் தவறாக எழுதுங்கள்

கேள்வி: பைத்தான் ஓரளவு தெரியும், இப்போது கோ மொழி கற்கிறேன். ஒரு கோரூட்டினுக்குள் (நிரலின் மற்றப் பகுதிகளோடு சேர்ந்தே ஓடும் தனி வேலை) ஒரு வரியை அச்சிடச் சொன்னேன். திரையில் எதுவும் வரவில்லை. நிரல் தொடங்கும் இடமான மெயினின் கடைசியில், ஒரு நொடி காத்திருக்கச் சொல்லும் 'ஸ்லீப்' சேர்த்ததும் வந்துவிட்டது. இது சரியா? இப்படிப் பல வேலைகளை ஒருங்கே கையாளும் கன்கரன்சியைப் பழக எந்தப் பயிற்சிகளில் தொடங்கலாம்?

பதில்: வரி வந்துவிட்டாலும் முறை தவறு. மெயின் முடிந்த கணமே நிரலும் முடிந்துவிடும். மற்ற கோரூட்டின்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று அது பார்ப்பதில்லை. ஸ்லீப் சேர்ப்பது, வேலை அதற்குள் முடிந்துவிடும் என்ற ஊகம் மட்டுமே. சுமை மிகுந்த சர்வரில் அந்த ஊகம் பொய்த்துப்போகும். அதை நீக்கிவிட்டு, கோரூட்டின்களை எண்ணி அவை முடியும்வரை காத்திருக்கும் வெயிட்குரூப்பைப் பயன்படுத்துங்கள். எண்ணிக்கையைக் கூட்டும் அதன் 'ஆட்' அழைப்பு, கோரூட்டினைத் தொடங்கும் வரிக்கு முன்னால் வர வேண்டும். உள்ளே வைத்தால், கோரூட்டின் ஓடத் தொடங்கும் முன்பே காத்திருப்பு முடிந்துபோகலாம்.

நீங்கள் பார்த்த அந்த வெற்றுத் திரையையே முதல் பயிற்சியாகக் கொள்ளுங்கள். புதியவர்களுக்கு நான் தரும் பயிற்சிகள் எல்லாமே இந்த வகைதான்: வேண்டுமென்றே தவறாக எழுதி, தவறு எப்படி வெளிப்படுகிறது என்று பார்த்த பிறகே திருத்த வேண்டும். கன்கரன்சிப் பிழைகள் பத்து முறை ஒளிந்திருந்து பதினோராவது முறை தலைகாட்டும். ஒருமுறை அடையாளம் கண்டவருக்குத்தான் அவை பிடிபடும்.

அடுத்து, எல்லாவற்றிலும் முக்கியமானதாக நான் கருதும் பயிற்சி. பூஜ்யத்தில் தொடங்கும் ஒரு மாறியை வைத்துக்கொண்டு 1,000 கோரூட்டின்களை இயக்குங்கள். ஒவ்வொன்றும் அந்த மாறியோடு 1,000 முறை ஒன்று கூட்டட்டும். விடை 10,00,000 வர வேண்டும். பல கோர்கள் உள்ள கணினியில் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே வரும். அதுவும் ஒவ்வொரு முறையும் வேறு எண்ணாக. ஒன்று கூட்டுவது நம் கண்ணுக்கு ஒரே செயல். ஆனால் மதிப்பைப் படிப்பது, கூட்டுவது, திரும்ப எழுதுவது என்று அதற்குள் மூன்று படிகள் இருக்கின்றன. இரண்டு கோரூட்டின்கள் ஒரே பழைய மதிப்பைப் படித்துவிட்டால் ஒரு கூட்டல் தொலைந்துவிடும். இப்போது 1,000 முறையை ஒரே முறையாகக் குறைத்துப் பாருங்கள். விடை பலமுறை சரியாகவே வந்துவிடும், பிழை அப்படியே இருந்தும்! 'ரேஸ்' என்ற ஆப்ஷனை (-race) இயக்கும் கட்டளையில் சேர்த்தால், எந்த வரிகள் மோதுகின்றன என்று கோ காட்டிக்கொடுக்கும். பயிலும் காலம் முழுவதும் அந்த ஆப்ஷனுடனேயே இயக்குங்கள்.

பிறகு இதையே இரண்டு விதமாகத் திருத்துங்கள். ஒன்றில், ஒரு நேரத்தில் ஒரு கோரூட்டினை மட்டும் மாறியைத் தொட விடும் பூட்டான மியூட்டெக்ஸ். மற்றொன்றில், மாறியை ஒரே கோரூட்டின் வைத்திருக்க, மற்றவை சேனல் (கோரூட்டின்களுக்கு இடையே மதிப்புகளைக் கடத்தும் குழாய்) வழியே அதற்குச் செய்தி அனுப்பட்டும். இரண்டுக்கும் ஆகும் நேரத்தை அளந்தால், இந்த வேலைக்கு மியூட்டெக்ஸ்தான் பெரும்பாலும் வேகமானது என்று தெரியும். எதற்கெடுத்தாலும் சேனல் என்ற பழக்கம் தொற்றுவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது.

சேனலின் இயல்பை அறிய, மெயினில் பஃபர் (மதிப்புகளைத் தேக்கி வைக்கும் இடம்) இல்லாத ஒரு சேனலை உருவாக்கி, வாங்க ஆளில்லாமல் ஓர் எண்ணை அனுப்புங்கள். எல்லா கோரூட்டின்களும் உறங்குகின்றன என்று சொல்லி நிரல் நின்றுவிடும். அதுதான் டெட்லாக். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து கைமாற்றும் இந்த முறையைக் கணினி அறிவியலாளர் டோனி ஹோர் 1978-லேயே கட்டுரையாக எழுதிவிட்டார். அதைக் கண்ணால் காண, 10,000 கோரூட்டின்களைச் சேனல்களால் சங்கிலியாகக் கோத்து, ஓர் எண்ணை ஒவ்வொன்றும் ஒன்று கூட்டி அடுத்ததற்குக் கடத்துமாறு எழுதுங்கள். ஒரு கோரூட்டினின் ஸ்டாக் (அது பயன்படுத்தும் நினைவகப் பகுதி) சுமார் 2 கிலோபைட்டில் தொடங்குவதால் சாதாரணக் கணினியே இதைத் தாங்கும்.

பழைய பாடங்களைப் பின்பற்றினால் ஓர் எச்சரிக்கை: 2024-இல் வந்த 1.22 பதிப்பிலிருந்து, ஃபார் லூப்பின் மாறி ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாகப் பிறக்கிறது. அதற்கு முந்தைய பாடங்கள் காட்டும் விபரீத விடைகள் உங்களுக்கு வராமல் போகலாம்.

இவை கைவந்தபின், மூன்று கோரூட்டின்கள் இருபது வேலைகளைப் பகிர்ந்து செய்யும் நிரலை எழுதுங்கள். சிக்கல் சேனலை மூடுவதில்தான் வரும். வேலைகளை அனுப்புபவர் ஒருவரே என்பதால், முடித்ததும் அவரே மூடலாம். விடைகளை அனுப்புவதோ மூவர். ஒருவர் மூடிய பின் இன்னொருவர் அனுப்பினால் நிரல் பேனிக் ஆகும், அதாவது பிழை காட்டி முறிந்துவிடும். ஆகவே மூவரும் முடிக்கும்வரை வெயிட்குரூப்பில் காத்திருந்து மூடுவதற்கென்றே தனியாக ஒரு கோரூட்டின் தேவை. விடைச் சேனலை மூடும் வரியை நீக்கிவிட்டும் ஒருமுறை இயக்கிப் பாருங்கள். சேனல் மூடப்படும்வரை வாங்கிக்கொண்டே இருக்கும் ரேஞ்ச் லூப்பில் விடைகளைப் பெறும் மெயின், இருபதையும் அச்சிட்டுவிட்டு, இனி வராத இருபத்தொன்றாவது விடைக்காகக் காத்து நின்று, மேலே கண்ட டெட்லாக்கில் முடியும்.