சென்னையில் 29சி பேருந்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு பெயர்?

பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி-யை ஏன் எல்லாரும் இப்படிக் கொண்டாடுகிறார்கள், அதன் கதை என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பெரம்பூர்க்காரன். பதிலில் கொஞ்சம் பாரபட்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையின் பழைய தடங்களில் பல பாரிமுனையைச் சுற்றி அமைந்தவை. எங்கே போவதென்றாலும் முதலில் அங்குள்ள பிராட்வே, அப்புறம்தான் மற்றதெல்லாம். ரயிலும் அப்படித்தான், பெரம்பூரில் ஏறினால் சென்ட்ரல் பக்கமோ கடற்கரைப் பக்கமோ போய்த்தான் தெற்கே போக வண்டி மாற வேண்டும். 29சி பாரிமுனைப் பக்கமே தலைகாட்டாது. ஓட்டேரி, புரசைவாக்கம், சேத்துப்பட்டு, ஸ்டெர்லிங் ரோடு, ஜெமினி, ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி, லஸ், மந்தைவெளி, அடையாறு என்று ஊரின் நடுவே புகுந்து போகும். வடசென்னைக்கும் தென்சென்னைக்கும் நடுவே ஒரே டிக்கெட்டில் பயணம்! அதன் பெயருக்குக் காரணம் அதுதான்.

கடைசிவரை உட்கார்ந்து வருகிறவர்கள் குறைவு. புரசைவாக்கத்தில் ஜவுளிக்கடைப் பைகள் முதலில் ஏறும், ஆள் பின்னால் ஏறுவார். ஜெமினி தாண்டினால் கல்லூரிப் பெண்கள். லஸ்ஸில் பாதி வண்டி காலியாகி, வேறு பாதி ஏறும். கூட்டத்தில் கண்டக்டர் நகரவே முடியாது. காசு நான்கு கை மாறி முன்னே போகும், டிக்கெட்டும் சில்லறையும் அதே நான்கு கை வழியாகத் திரும்பி வரும். காணாமல் போய் நான் பார்த்ததில்லை.

நிர்வாகக் கதை சுருக்கமானது. நகரப் பேருந்துகளை 1940-களின் இறுதியில் அரசு எடுத்துக்கொண்டது. 1972-இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் வந்தது. 1994-இல் வடசென்னைக்கென்று அம்பேத்கர் பெயரில் தனிக் கழகம் பிரிந்தது. 1997-இல் தலைவர்களின் பெயர்களை எடுத்துவிட்டு மாநகர் போக்குவரத்துக் கழகம் என்றார்கள். 2001-இல் இரண்டும் ஒன்றாயின. பெரியவர்கள் வாயில் இன்னும் 'பல்லவன் பஸ்'தான். 2021 மே மாதம் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. எத்தனை பெயர் மாற்றியும் நடக்காத மாற்றத்தை அது கொண்டுவந்தது என்பேன். இரண்டு ஸ்டாப்பிங் நடந்துபோய்க் காசை மிச்சம் பிடித்தவர்கள் இப்போது ஏறி உட்காருகிறார்கள்.

'வந்தால் மூன்றாக வரும், வராவிட்டால் ஒன்றுமே வராது' என்ற புலம்பலில் உண்மை உண்டு. புரசைவாக்கத்து நெரிசலில் ஒரு வண்டி மாட்டினால் அதற்குள் அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் சேர்ந்துவிடும். அத்தனை பேரையும் ஏற்றுவதால் அந்த வண்டி இன்னும் தாமதமாகும். பின்னால் வருவது காலியாக ஓடிவந்து அதைப் பிடித்துவிடும். அதனால் முதல் வண்டியில் தொங்காமல் பின்னாலேயே வரும் இரண்டாவதைப் பாருங்கள்.

இன்னொன்று. மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மாதவரம்–சிப்காட் வழித்தடத்தின் நிலையப் பட்டியலைப் பாருங்கள்: பெரம்பூர், ஓட்டேரி, புரசைவாக்கம், சேத்துப்பட்டு, ஸ்டெர்லிங் ரோடு, அண்ணா மேம்பாலம் (நம் ஜெமினிதான்), திருமயிலை (லஸ் பக்கம்), மந்தைவெளி, அடையாறு. ஏறக்குறைய 29சி-யின் போர்டுதான்! ஆனால் அடையாற்றிலிருந்து அது திருவான்மியூர் பக்கம் போய்விடும். பெசன்ட் நகருக்குள் நுழையாது. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில் திருவிழாவுக்குப் போகிறவர்களுக்கு மெட்ரோ வந்தாலும் இந்த பஸ்தான் வேண்டும். அந்த நாட்களில் உட்கார இடம் வேண்டுமென்றால் பெரம்பூர் பேருந்து நிலையத்திலேயே ஏறிவிடுங்கள்.